பில்நாம் அக்காவின் சீப்புகள்

பில்நாம் அக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா திட்டாதா?" என்பதுதான். திட்டத்தான் செய்வார். அதற்குப் பயந்து எழுதாமல் இருக்க முடியுமா? பூசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவில், எஞ்சின் பட்டறைகள் இருக்கும் சந்தில், முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறவன் நான். இந்தச் சந்தில் வாயாலேயே எஞ்சின் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோருடைய வாயையும் ஒரே நாளில் அடைத்த ஆள் ஒருத்தர்தான். அதுவும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அடைத்தார்.

பில்நாம் என்றால் 'அடுத்தது கட்டாயம் பையன்' என்று அர்த்தம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் அவருடைய அப்பா வைத்த பெயர். அதற்குப் பிறகும் வரிசையாக மூன்று தங்கைகள். "எங்கப்பா ஆர்டர் குடுத்தாரு, சரக்குதான் வரல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தவர்கள் யாரும் இரண்டாவது முறை செய்ததில்லை. அக்காவின் வாய் அப்படி.

இருபது வயதில் அவர் துரு தட்டும் வேலைக்குப் போனார். கரையில் ஏற்றி நிறுத்திய கப்பலின் பக்கவாட்டில், இரண்டு கயிறு கட்டிய ஒரு பலகையில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டபடி, நாள் முழுக்கச் சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பதினெட்டு வருஷம். முந்நூறு கப்பலாவது இருக்கும் என்பார். அதில் ஒன்றின் தளத்தில்கூட அவர் கால் வைத்ததில்லை. கப்பலின் வெளித்தோலைச் சுரண்டப் பெண் வேண்டும். உள்ளே வந்தால் மட்டும் மீன் ஓடிப்போய்விடும். எங்கள் மீனவர்களின் அறிவு அவ்வளவு. நான் ஆண்பிள்ளை என்றாலும் இதை உரக்கச் சொன்னால் என்னையும் படகில் ஏற்ற மாட்டார்கள்.

சுத்தியல் சத்தத்தில் வலது காது சுத்தமாகப் போனது. இடது காது பாதி. முப்பத்தெட்டு வயதில் பலகையை விட்டு இறங்கி, என் லேத்துக்கு எதிரே இருக்கும் தாக் ஃபோர்மேனின் பட்டறையில், மண்ணெண்ணெயில் உதிரிப் பாகங்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார்.

எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்துத் திரும்பப் பூட்டும்போது எல்லோருடைய கண்ணும் பிஸ்டன் மேலேயும் பேரிங் மேலேயும்தான் இருக்கும். போல்ட் போகிற ஓட்டையை எவனும் குனிந்து பார்க்க மாட்டான். அதற்குள்ளே போல்டைப் பிடிக்கச் சுருள் சுருளாக வெட்டிய மரைகளின் இடுக்கில் பழைய எண்ணெய்க் கசடும் கரியும் துருவும் குடியிருக்கும். அதோடு போல்டை முறுக்கினால் நம் பலத்தில் பாதி அழுக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடும். வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ரெஞ்ச் ஒன்று உண்டு. அதுவும் 'டக்' என்று சொல்லிவிடும். இறுகிவிட்டது என்று நாமும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவோம். உண்மையில் இறுகியிருக்காது.

தாக் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். ஓட்டையைச் சுத்தம் செய்ய அவர் கையில் எடுப்பது டேப். வெறும் ஓட்டையில் புதிதாக மரை வெட்டுகிற கருவி அது. அதைப் பழைய ஓட்டையில் விட்டு நான்கு சுற்றுச் சுற்றினால் அழுக்கெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். வேலை சீக்கிரம் முடியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அக்கா அந்த டேப்பைத் துடைத்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"ஃபோர்மேன், இது என்னது?"

"அழுக்கு. வேற என்ன?"

"அழுக்கு எங்கயாவது மினுங்குமா? பதினெட்டு வருஷம் துருவோட குடும்பம் நடத்தினவ நான். துரு எது, நல்ல இரும்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? நீ ஓட்டையச் சுத்தம் பண்ணல. செரைச்சுக்கிட்டு இருக்க."

பட்டறையே சிரித்தது. தாக்கின் காது சிவந்துபோனது. ஆனால் அக்கா சொன்னது நிஜம். டேப்புக்கு வெட்டத்தான் தெரியும். எது அழுக்கு, எது மரை என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறை விடும்போதும் மரை கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். நாலைந்து பழுதுபார்ப்பு தாண்டினால் போல்ட் பிடிமானம் இல்லாமல் சுற்றும்.

"அப்ப நீங்களே சுத்தம் பண்ணுங்க" என்று தாக் ஓட்டை வேலையை அவர் தலையில் கட்டினார். தண்டனை என்று நினைத்துத்தான் கட்டினார்.

முதலில் பழைய பல் பிரஷ் வைத்துப் பார்த்தார். அடிவரை எட்டவில்லை. கம்பி பிரஷ்ஷில் கம்பி உடைந்து உள்ளேயே தங்கியது. ஆணியால் நோண்டினால் மரையில் கீறல் விழுந்தது. ஒரு மத்தியானம் என் லேத்துக்கு வந்தார். கையில் ஒரு பழைய போல்ட், அதே எஞ்சினிலிருந்து கழற்றியது.

"யோம் தம்பி, இதுல நீளவாக்குல நாலு வாய்க்கால் வெட்டிக் குடு."

"எதுக்கு? போல்டுக்கு வகிடு எடுக்கவா?"

"வெட்டுடான்னா வெட்டு."

வெட்டிக் கொடுத்தேன். வாங்கியவர் அதன் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. போல்டை என் மேசை மேல் விட்டெறிந்தார். "இது கத்தி. நான் கேட்டது சீப்பு. முனைய மழுக்கிக் குடு." முனையை மழுக்கினேன். அந்த எஞ்சினின் போல்ட் என்பதால் ஏற்கெனவே இருக்கிற வழியிலேயே அது போகும். வாய்க்கால் இருப்பதால் அழுக்குக்கு வெளியே வர இடம் கிடைக்கும். முனை மழுங்கியிருப்பதால் இரும்பை வெட்டாது. அன்றிலிருந்து சந்தில் அதற்குப் பெயர் 'ஓட்டைச் சீப்பு'. பதின்மூன்று வருஷத்தில் நாற்பத்து மூன்று சீப்புகள் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சுவரில் ஒரு கம்பியில் கோர்த்து, எந்த எஞ்சினுக்கு எது என்று தன் கோணல் எழுத்தில் அட்டை கட்டி மாட்டியிருந்தார்.

"பிரஷ்ஷுல போற அழுக்குக்குச் சீப்பு வேணாம். சீப்புல போறதுக்கு டேப் வேணாம். வயித்த வலிக்குதுன்னு வந்தவனுக்கெல்லாம் வயித்தக் கிழிப்பீங்களாடா?" என்பார். புது ஆட்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது இந்தத் திட்டைத்தான்.

இப்படிப்பட்ட ஆளுடைய பெயர்தான் 'மான்தோக்' படகின் விஷயத்தில் நாறிப்போகப் பார்த்தது.

மேமி புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம். மான்தோக் கணவாய் மீன் பிடிக்கும் படகு. கேப்டன் பியோவுக்கு அறுபது வயது, அந்தப் படகைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாத மனிதர். ஆறு சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரின் தலைக்கும் நான்கு போல்ட். தாக்கின் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தோம். இருபத்து நான்கு ஓட்டைகளையும் அக்கா சீப்பு போட்டுச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார். கீழ்ப்பகுதி மட்டும் லாரியில் துறைக்குப் போனது. கிரேன் கிடைக்காமல் இரண்டு நாள் துறையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிறகு படகின் எஞ்சின் அறைக்குள் இறக்கினார்கள். சிலிண்டர் தலைகளைத் தாக் படகுக்குள் வைத்தே பூட்டினார். அக்கா போகவில்லை. போகவும் முடியாது, படகாயிற்றே.

முதல் ஓட்டத்தில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு வெள்ளைப் புகை. மூன்றாம் சிலிண்டரில் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் கிழிந்திருந்தது. புது கேஸ்கட் போட்டு மறுபடி இறுக்கினார்கள். அடுத்து நான்காம் சிலிண்டரின் கேஸ்கட் போனது. சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு மறுநாள், எல்லோரும் மிச்சமிருந்த அரிசிக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே மூன்றாவது முறை ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் வெள்ளைப் புகை.

அன்று சந்திரக் கணக்கில் பதினாறாம் தேதி. பத்தொன்பதாம் தேதி கெட்டது எதுவும் நடமாடாத நாள். எங்கள் கணவாய்ப் படகுகள் எல்லாம் பன்றித் தலை படைத்து, மக்கொல்லி என்கிற அரிசிக் கள் ஊற்றி, அன்றைக்குத்தான் கிளம்பும். அன்று கிளம்பாத படகுக்கு அந்த வருஷம் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

பட்டறை வாசலில் பெரிய பஞ்சாயத்து. படகின் எஞ்சின்காரர் கூ உச்சக் குரலில் கத்தினார். கூவுக்கு ஐம்பத்தைந்து வயது. எஞ்சினைத் தான் பெற்றது போல நடந்துகொள்வார்.

"மூணு தடவை! மூணு தடவை கேஸ்கட் போச்சு! ஓட்டைல அழுக்கு இல்லாம இது எப்படிய்யா நடக்கும்? யாரு ஓட்டையச் சுத்தம் பண்ணது?"

தாக் வாயைத் திறக்கவில்லை. அக்கா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு ஆளைக் கொல்ல முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு பொம்பளைகிட்டப் போய் ஓட்டையக் குடுத்திருக்கீங்களே, உங்கள..." என்றார் கூ.

"அக்கா, நீங்க கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றார் தாக், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் புதுசா ஒரு டேப் செட்டு வாங்கியிருக்கேன். இருபத்தி நாலு ஓட்டைலயும் ஒரு விடு விட்டுர்றேன். எல்லாம் சரியாயிடும்."

அக்காவின் முகம் வெளுத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் இருக்கச் சொன்னதற்காக இல்லை. டேப் உள்ளே போனால் ஓட்டையில் இருந்தது எல்லாம் இரும்புத்தூளோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். உண்மையில் என்ன இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை. மான்தோக்கைக் கெடுத்தவள் என்ற பெயர் மட்டும் நிற்கும். ஐம்பத்தொரு வயது, பாதிக் காது. அந்தப் பெயரோடு இந்தச் சந்தில் எந்தப் பட்டறையும் அவரைத் துடைப்பம் தொடக்கூட விடாது.

கழற்றிய போல்டுகள் ஒரு தட்டில் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்தார். நுனியை விரலால் தடவினார். விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"ஃபோர்மேன், நம்ம பட்டறைல போல்டுக்கு என்ன தடவுறோம்?"

"ஒரு சொட்டு எஞ்சின் ஆயில். ஏன்?"

"இது மஞ்சளா இருக்கு. நுனில மட்டும் இருக்கு. கிரீஸ் எப்படிய்யா ஓட்டைக்கு அடில போச்சு?"

"படகுல எங்க பார்த்தாலும் கிரீஸ்தான்" என்றார் கூ வேகமாக. கொஞ்சம் அதிக வேகம் என்று எனக்குப் பட்டது.

"நான் ஓட்டையப் பார்க்கணும்" என்றார் அக்கா. "டேப் விடறதுக்கு முன்னாடி. ஒரே ஒரு தடவை."

"பார்க்கணும்னா? படகுல ஏறணுமா? மூணு நாள்ல கடலுக்குப் போற படகுல பொம்பள ஏறுறதா? கேப்டன், அப்படி ஒரு அபசகுனம் நடந்தா நான் இறங்கிப் போயிடுவேன். எட்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

கேப்டன் பியோ பாவம். ஒரு பக்கம் கேஸ்கட், இன்னொரு பக்கம் எட்டு ஆட்கள். "ஏம்மா, எம்மேல கோவப்படாத. படகு தளத்துல பொம்பள கால் படக்கூடாதுங்கறது எங்கப்பன் காலத்துல இருந்து வர்றது" என்றார்.

அக்கா கையிலிருந்த போல்டைத் தட்டில் போட்டார்.

"கால் படக்கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"மத்ததெல்லாம் இருந்தா பரவாயில்லயா?"

"மத்ததுன்னா?"

"நாளைக்குக் காலைல கிரேன் வச்சிருங்க. எஞ்சின் ரூம் மேல்மூடியத் தொறந்து வைங்க. யோம் தம்பி, நீ எனக்கு மான்தோக் சீப்ப எடுத்துட்டு வா. ஃபோர்மேன், நாளைக்கு நான் வர்ற வரைக்கும் அந்த டேப்ப வெளிய எடுத்த, உன் கைய நான் டேப் பண்ணிருவேன்."

மறுநாள் காலை துறைக்குப் போனால் அங்கே ஒரு திருவிழா. அக்காவோடு துரு தட்டிய பழைய தோழிகள் மூன்று பேர், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பலகையோடும் இரண்டு சுருள் கயிற்றோடும் நின்றார்கள். கேப்டனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே.

பலகையைக் கிரேன் கொக்கியில் மாட்டினார்கள். அக்கா ரப்பர் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. கிரேன் தூக்கியது. துறையிலிருந்து எழும்பி, தண்ணீரைத் தாண்டி, மான்தோக்கின் தளத்துக்கு மேலாக, இரண்டு அடி உயரத்தில், காலை மடக்கிக்கொண்டு போனார். கூ கீழே நின்று அந்தப் பூட்ஸைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே கூட நடந்தார், எங்கேயாவது நுனி படுகிறதா என்று.

"கூ அண்ணே, நல்லாப் பாருங்க. பட்டுச்சா?"

"படல" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் கூ.

மேல்மூடி வழியாக நேரே எஞ்சின் அறைக்குள் இறங்கினார். எஞ்சினுக்கு மேல் பலகை நின்றது. நான் ஏணி வழியாக இறங்கினேன். தாக், கூ, கேப்டன், நான் நால்வரும் சுற்றி நின்றோம். சிலிண்டர் தலைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். இருபத்து நான்கு ஓட்டைகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வாய்ப்பக்கம் எல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்றால் அக்காவின் கதி என்ன?

அக்கா சீப்பை மூன்றாம் சிலிண்டரின் முதல் ஓட்டையில் வைத்து விரலாலேயே முறுக்கினார். ரெஞ்ச் வைக்கவில்லை. சீப்புக்கு ரெஞ்ச் வைத்தால் விரலுக்கு எதுவும் தெரியாது என்பார். ஐந்து சுற்று தடையில்லாமல் போனது. ஆறாவது சுற்றில் கை மெதுவானது. அப்போது சீப்பின் நான்கு வாய்க்கால் வழியாகவும் மஞ்சளாக ஒன்று மேலே வர ஆரம்பித்தது. அவர் முறுக்க முறுக்க, அச்சில் பிழிந்த இடியாப்பம் போல, நான்கு இழையாகக் கிரீஸ் வெளியே வந்து சுருண்டு விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

கேப்டன் மெதுவாகத் திரும்பிக் கூவைப் பார்த்தார். கூவின் பின்பக்கம், அலமாரியில், மஞ்சள் கிரீஸ் டப்பா ஒன்று மூடி இல்லாமல் இருந்தது.

"உப்புக்காத்து பட்டாத் துருப்பிடிக்குமே!" என்று வெடித்தார் கூ. "துறைல ரெண்டு நாள் தொறந்து கெடந்துச்சு! தலையக் கழட்டினப்பல்லாம் ராத்திரி பூரா தொறந்து கெடந்துச்சு! நான் வாய் வரைக்கும் அப்பி வச்சு, பூட்டுறப்ப மேல துடைச்சு விட்டேன். எங்கப்பாவும் அப்படித்தான் செஞ்சாரு!"

கடல்காரர்களின் கை அது. திறந்த இரும்பைக் கண்டால் கிரீஸ் அப்பாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் இவை அடி மூடிய ஓட்டைகள். உள்ளே கிரீஸ் இருந்தால் போல்ட் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். எஞ்சின் சூடானதும் கிரீஸ் இளகி மரை வழியாகக் கசிந்து வெளியேறும். போல்ட் தளரும். கேஸ்கட் கிழியும். தலையைக் கழற்றினால் கூ மறுபடி அப்புவார். மூன்று முறையும் இதுதான் நடந்தது.

"பூட்டறதுக்கு முன்னாடி நீங்க உள்ள பார்க்கலயா, ஃபோர்மேன்?" என்றேன். சும்மா இருக்க முடியவில்லை.

தாக் என்னை முறைத்தார். பிறகு, "சரி, தெரிஞ்சுபோச்சுல்ல, டேப் போட்டு ஒரே மணி நேரத்துல எல்லாத்தையும் அள்ளிடறேன்" என்று டேப்போடு குனிந்தார். அக்கா ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"முதல்ல என் கைல மரை வெட்டு. அப்புறம் ஓட்டைல வெட்டு. மூணு தடவை இறுக்கி அவுத்த மரை இது, ஏற்கெனவே நொந்துபோயிருக்கு. இதுக்கு மேல செரைச்சா, போல்ட் பிடிக்க என்ன இருக்கும்? கிரீஸ எடுக்க எதுக்குய்யா கத்தி?"

டேப் தாக்கின் பைக்குள் திரும்பிப் போனது. அக்கா என்னை மேலே விரட்டினார். துறை வாசலில் குச்சியில் செருகிய மீன் கேக் விற்கும் கடையிலிருந்து கழுவிய மூங்கில் குச்சிகள் ஒரு கட்டு, மருந்துக் கடையிலிருந்து பெரிய ஊசிக்குழாய் இரண்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். மூங்கில் குச்சியில் துணி சுற்றி, அடியில் இருந்த கிரீஸை வழித்து எடுத்தார். ஊசிக்குழாயால் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, உறிஞ்சி எடுத்தார். குறுகலான பிரஷ் ஒரு சுற்று. பிறகு சீப்பு, விரலால் மட்டும். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. கடைசியில் ஓட்டை வாயில் துணியைப் பொத்திக்கொண்டு காற்றடித்தார். ஒவ்வொரு ஓட்டையும் முடிந்ததும் புதுக் குச்சியை அடிவரை விட்டு, வாயளவில் நகத்தால் கீறி, அந்தக் கீறலை முந்தின குச்சியோடு ஒட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அடுத்த ஓட்டை.

நான்காம் சிலிண்டரில் ஒரு ஓட்டை மட்டும் படுத்தியது. சீப்பு அடிக்குச் சற்று முன்பே நின்றது. குச்சியும் துளி குறைவாக அளவு காட்டியது. "இதுக்காவது டேப்?" என்றார் தாக், இந்த முறை கெஞ்சலாக. அக்கா ஊசிக்குழாயை எடுத்தார். மண்ணெண்ணெய் விட்டார், காத்திருந்தார், அரைச் சுற்று, கால் சுற்று. பலகை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வாய்க்காலில் ஒரு கறுப்புத் துண்டு வெளியே வந்தது. எள்ளளவு கரிக்கட்டி, தலையைக் கழற்றும்போது விழுந்து, கிரீஸோடு அடியில் போய் இறுகியது. டேப் விட்டிருந்தால் அந்தக் கட்டியை மரையோடு சேர்த்து அரைத்திருக்கும். அக்கா அதைக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டவைத்துத் தாக்கின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாரு ஃபோர்மேன். இதுதான் அழுக்கு. இது மினுங்காது."

தாக் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் இருபத்து நான்கு குச்சிகளும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. மறுநாள் பதினெட்டாம் தேதி காலை, புது கேஸ்கட்டுகளோடு தாக் தலைகளைப் பூட்டினார். மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். இரண்டு சுற்று முடித்து, ரெஞ்சைத் துணியில் துடைத்து, மறுபடியும் கிரேன் பலகையில் தொங்கிய அக்காவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"கடைசிச் சுத்து நீங்க போடுங்க அக்கா. முந்தாநாளே நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. தப்பு."

"சரி, சரி. அழுதுடாத, போல்டுல தண்ணி படும்" என்றார் அக்கா. ரெஞ்சை வாங்கிக் குனிந்தார். இருபத்து நான்கு முறை 'டக்'. அவருக்கு அது கேட்காது. விரலால் வாங்கிக்கொண்டார்.

எஞ்சின் கிளம்பியது. துறையில் கட்டியபடியே ஒரு மணி நேரம் ஓடியது. புகை இல்லை. குமிழி இல்லை. ஆனால் துறையில் கட்டி ஓட்டுவது ஒரு ஓட்டமா? கடலுக்குப் போய், முழு வேகத்தில், பாரம் ஏற்றி ஓட்ட வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து, சூட்டோடு, ஒவ்வொரு போல்டும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"யாரு பார்க்கறது?" என்றார் கேப்டன்.

எல்லோரும் தாக்கைப் பார்த்தார்கள். தாக் தலையை ஆட்டினார். "போல்டத் தொட்டுப் பார்த்தே சொல்ற கை எனக்கு இல்ல. அந்தக் கை அங்க தொங்கிட்டு இருக்கு."

கேப்டன் பியோ தளத்தின் நடுவில் போய் நின்றார். அவருடைய எட்டு ஆட்களும் நின்றார்கள். துறையில் கூட்டம் கூடியிருந்தது. துரு தட்டும் பெண்கள் சுத்தியலோடு வந்து நின்றார்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் கேப்டன். பெரிய குரல் அவருக்கு. "இந்தம்மா ஓட்டைல அழுக்கு விட்டாங்கன்னு நாங்க சொன்னோம். அழுக்கு எங்களோடது. எங்க ஆளோட கிரீஸு. இந்தம்மா கை சுத்தம். இத நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்." பிறகு கூவிடம் திரும்பினார். "கடலுக்குக் கிரேனக் கூட்டிட்டுப் போக முடியுமாய்யா?"

கூ அக்காவின் பூட்ஸைப் பார்த்தார். "முடியாது."

"அப்ப?"

"பூட்ஸையாவது கழட்டிட்டு வரச் சொல்லுங்க."

அக்கா கழற்றவில்லை. கிரேன் கரையில் இறக்கியதும் துறை ஓரத்துக்கு வந்து, கூ நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் சொட்டும் அதே ரப்பர் பூட்ஸோடு, மான்தோக்கின் தளத்தில் இறங்கினார். முதலில் வலது கால். பிறகு இடது. துறையில் நின்ற பெண்கள் சுத்தியலால் கப்பல் கயிறு கட்டும் இரும்புத் தூண்களை அடிக்க ஆரம்பித்தார்கள். காங் காங் காங் என்று துறைமுகமே அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. அலைதடுப்பைத் தாண்டியதும் கேப்டன் முழு வேகம் கொடுத்தார். அக்கா மூன்று மணி நேரம் எஞ்சினை விட்டு நகரவில்லை. ஆறு தலைகளின் மேலும் மாறி மாறி உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சூட்டோடு ரெஞ்ச் வைத்தார். இருபத்து நான்கில் ஒன்றுகூட ஒரு மயிரிழை நகரவில்லை. கூ பின்னால் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்து நான்காவதும் முடிந்ததும், "நகரல" என்று அவரே கத்திவிட்டு எஞ்சினை மறுபடி கிளப்பினார்.

அக்கா ஏணியில் ஏறித் தளத்துக்கு வந்தார். எல்லாப் பக்கமும் தண்ணீர். முந்நூறு கப்பலைத் தொட்டவர் முதன்முதலாகக் கடலுக்கு நடுவில் நின்றார். காற்று அவர் தலைத்துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்று கேப்டன் சுக்கான் அறையிலிருந்து கேட்டார். "திரும்பிடலாமாம்மா?"

"எதுக்குத் திரும்பணும்?" என்றார் அக்கா. "இன்னும் வேகமா விடுங்க."

கேப்டன் விட்டார்.